அத்தையின் உயிலில் பள்ளிக்கும் கோவிலுக்கும் ஒரு பங்கு

கேள்வி இது: சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் அத்தைக்கு 71 வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். பட்டணத்தில் ஒரு மலிவு விலை வீடு, பேங்கில் கொஞ்சம் பணம், ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) மிச்சம், கூட்டுறவுச் சங்கப் பங்கு, நகை இருக்கின்றன. கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர். என் அப்பா இறந்துவிட்டார், ஒரு சித்தப்பாவும் இன்னொரு அத்தையும் இருக்கிறார்கள். தான் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கும் மாரியம்மன் கோவிலுக்கும் ஏதாவது எழுதி வைக்கவேண்டும் என்கிறார். உயில் பாரம் வாங்கி நானே நிரப்பிவிடலாமா?

தங்கச்சி, நிரப்பலாம். வக்கீல் எழுதினால்தான் உயில் செல்லும் என்று மலேசியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நானும் வக்கீல் இல்லை. ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீசில் 34 வருடம் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தவன். செத்தவர்களின் ஃபைல்தான் என் மேசைக்கு வரும். பார்த்தவரையில், தர்மத்துக்கு எழுதிய உயில்களில் தகராறு வந்தது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். கொடுப்பது யார், எவ்வளவு என்பது தெளிவாக இருக்கும். வாங்கப் போவது யார் என்பதில் சறுக்கியிருப்பார்கள்.

ஒரு பெரியவர், தோட்டத்தில் மண்டோராக (வேலை மேற்பார்வையாளராக) இருந்தவர். முத்து முத்தான கையெழுத்தில் உயில் எழுதி, இரண்டு சாட்சி வைத்து, எல்லாம் முறையாகச் செய்திருந்தார். 'வீட்டை விற்று வரும் பணத்தில் பாதி மாரியம்மன் கோவிலுக்கு' என்பது அதில் ஒரு வரி. அந்தத் தோட்டத்தில் மாரியம்மன் கோவில் இரண்டு. ஃபேக்டரி பக்கம் ஒன்று, பழைய லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்புக்கு)ப் பின்னால் ஒன்று. அவர் மனசில் இருந்தது ஒரே மாரியம்மன், அதனால் எது என்று எழுதத் தோன்றவில்லை. இரண்டு கமிட்டியும் வந்துவிட்டார்கள். ஒருவர் திருவிழா நன்கொடை ரசீதுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார். இன்னொருவர் பெரியவரின் மனைவி பெயர் வெட்டிய குத்துவிளக்கையே தூக்கிக்கொண்டு வந்தார். அடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு அது ஒரு நாள் முழுக்க என் மேசையில் நின்றது. மூன்று வருடம் இழுத்து, செலவு போக மிஞ்சியதை இரண்டு கோவிலும் பாதிப் பாதி எடுத்துக்கொண்டன.

ஆகவே பாரத்தை வாங்குவதற்கு முன்னால் இரண்டு இடத்துக்கு நடந்துவிட்டு வாருங்கள்.

முதலில் கோவில். அது சங்கமாகப் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். பெரும்பாலான கோவில்கள் 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொண்டிருக்கும். பதிவுச் சான்றிதழை ஃபிரேம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருப்பார்கள். அதில் பி.பி.எம். என்று தொடங்கும் எண் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். பதிவுப் பெயரை ரூமியில் (ரோமன் எழுத்தில்), ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள். நாம் வாய்க்கு வந்தபடி சொல்லும் பெயர் ஒன்று, போர்டில் இருப்பது ஒன்று, பதிவில் இருப்பது இன்னொன்றாக இருக்கும். பதிவே இல்லாத கோவில் என்றால், பணத்தை வாங்கி ரசீது போட சட்டப்படி ஆள் இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட சின்னக் கோவிலுக்குக் கொடுக்க அத்தைக்கு ஆசை என்றால் உயிர் இருக்கும்போதே கூரைக்கோ கலசத்துக்கோ கொடுத்துவிடச் சொல்லுங்கள். அதைக் கண்ணால் பார்த்தும் சந்தோஷப்படுவார்.

நிலம் யாருடையது என்றும் விசாரியுங்கள். தோட்டக் கோவில்களில் பல கம்பெனி நிலத்தில் நிற்பவை. தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வந்ததும் கோவில் இடம் மாறிய கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கோவில் போனால் பணம் எங்கே போகும் என்பதையும் உயிலிலேயே சொல்லிவைக்க வேண்டும். அந்த வாசகத்தைக் கீழே தருகிறேன்.

அடுத்தது பள்ளி. இங்கேதான் நல்ல மனசுக்காரர்கள் நிறைய பேர் தவறுகிறார்கள். 'நான் படித்த தமிழ்ப்பள்ளிக்கு 10,000 வெள்ளி (ரிங்கிட்)' என்று எழுதினால் போதாது. பள்ளிக்கூடம் என்ற கட்டடம் தானாக செக் வாங்கிக்கொள்ளாது. பள்ளி மேலாளர் வாரியமா, பெற்றோர் ஆசிரியர் சங்கமா, முன்னாள் மாணவர் சங்கமா, யார் பெயரில் பேங்க் கணக்கு இருக்கிறது, யார் ரசீது கொடுப்பார்கள் என்று கேளுங்கள். சில பள்ளிகளில் வாரியம் சுறுசுறுப்பாக இயங்கும். சில இடங்களில் பெயரளவில் இருக்கும். எதுவாக இருந்தாலும் தலைமையாசிரியரின் பெயரை எழுதாதீர்கள். அவர் அரசாங்க ஊழியர், இன்று இங்கே இருப்பார், அடுத்த வருடம் தெலுக் இந்தானில் இருப்பார். கோவில் செயலாளர் பெயரும் வேண்டாம். 'இன்னாருக்கு 10,000 வெள்ளி' என்று தனி ஆள் பெயரில் எழுதினால் அது அவருக்கே கொடுத்த பணமாகிவிடும். அவர் யோக்கியராக இருந்தால் சரி. அவரும் அத்தைக்கு முன்னால் போய்விட்டால்?

தோட்டப் பள்ளிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தோட்டத்தில் ஜனம் குறையக் குறைய பிள்ளைகளும் குறைவார்கள். பள்ளியைப் பட்டணத்துக்கு மாற்றுவார்கள், பெயரில் தோட்டத்துப் பெயர் இருக்கும், தோட்டம் இருக்காது. உயில் என்பது இன்று எழுதி, இருபது வருடம் கழித்துப் படிக்கப்படும் காகிதம். அதனால்தான் மாற்று ஏற்பாடு வேண்டும் என்கிறேன். அது இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. கொடுத்தவரின் நோக்கம் பொதுவான தர்மம் என்று கோர்ட்டுக்குப் பட்டால், அந்தப் பணத்தை அதற்கு நெருக்கமான வேறு தர்மத்துக்குத் திருப்பிவிடும் அதிகாரம் கோர்ட்டுக்கு இருக்கிறது. ஆனால் 8,000 வெள்ளிக்காக ஹைகோர்ட் ஏறினால் வக்கீல் கட்டணமே அதைத் தின்றுவிடும். ஒரே ஒரு வரியை இப்போதே எழுதிவிடுவது மலிவு.

வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம். வக்கீல் தன் பாணியில் திருத்திக்கொள்வார்: 'என் கடன்களும் ஈமச் செலவும் மற்றச் செலவுகளும் போக மிஞ்சும் சொத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கை, (பதிவுப் பெயர், பதிவு எண், விலாசம்) பள்ளி மேலாளர் வாரியத்துக்கு, மாணவர்களின் கல்வி உதவிக்காகக் கொடுக்கிறேன். நான் இறக்கும்போது அப்பள்ளி இடம் மாறியிருந்தாலும், பெயர் மாறியிருந்தாலும், வேறு பள்ளியோடு இணைந்திருந்தாலும் இக்கொடை அதற்கே சேரும். பள்ளியோ வாரியமோ இல்லாமல் போயிருந்தால், கோல கங்சார் மாவட்டத்தில் உள்ள வேறொரு தமிழ்ப்பள்ளிக்கு, என் உயில் நிர்வாகி தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். பொருளாளர் அல்லது அப்பொறுப்பில் இருப்பவர் தரும் ரசீதே என் நிர்வாகிக்குப் போதும்.' கோவிலுக்கும் இதே மாதிரி ஒன்று.

கடைசியில் உள்ள அந்த ரசீது வரியை விட்டுவிடாதீர்கள். கமிட்டிக்குள் சண்டை என்றால் இரண்டு தலைவர், இரண்டு பொருளாளர் இருப்பார்கள். பணத்தை யாரிடம் கொடுத்தாலும் மற்றவர் கேட்பார். நிர்வாகி, அதாவது உயிலை நிறைவேற்றுகிறவர், நடுவில் மாட்டிக்கொள்வார்.

இப்போது நூற்றுக்குப் பத்து என்று ஏன் எழுதினேன் என்பது. அத்தை மனசில் ஒரு தொகை இருக்கும், பள்ளிக்கு 20,000, கோவிலுக்கு 20,000 என்று வைத்துக்கொள்வோம். இன்று வீடும் சேர்த்து சொத்து 1,80,000 வெள்ளி என்றால் அது பெரிய காரியமில்லை. ஆனால் எண்பது வயதில் ஒரு ஆப்பரேஷன், முதியோர் இல்லத்தில் நாலு வருடம் என்று வீட்டை விற்றுச் செலவு செய்ய நேர்ந்து, கடைசியில் 45,000 தான் மிஞ்சுகிறது. தொகை எழுதியிருந்தால் 40,000 முதலில் பள்ளிக்கும் கோவிலுக்கும் போய், கடைசிவரை பார்த்துக்கொண்ட உங்களுக்கும் உங்கள் சித்தப்பாவுக்கும் சேர்த்து 5,000 நிற்கும். பத்துப் பத்துப் பங்கு என்றால் ஆளுக்கு 4,500 தான் அங்கே போகும். சொத்து கூடினாலும் குறைந்தாலும் எல்லோருக்கும் ஒரே அளவில் கூடும், குறையும். தொகையாக எழுதினால் இன்னொரு குறை, இருபது வருடத்தில் அந்த 20,000-க்கு என்ன வாங்க முடியும் என்று யாருக்குத் தெரியும்?

வீட்டையே கோவிலுக்கு எழுதுகிறேன் என்று அத்தை சொன்னால் கொஞ்சம் தடுத்துப் பாருங்கள். மலிவு விலை வீட்டின் கெரானை, அதாவது பட்டாவை, புரட்டினால் 'செக்காத்தான் கெப்பெந்திங்கான்' என்று ஒரு பகுதி இருக்கும். மாநில அரசின் அனுமதி இல்லாமல் விற்கவோ மாற்றவோ கூடாது என்று பல கெரான்களில் அதில் எழுதியிருப்பார்கள். கோவில் பெயருக்கு அதை மாற்ற வேண்டி நில அலுவலகத்துக்கு எத்தனை நடை நடக்கவேண்டியிருக்குமோ! இன்னொன்று, 'இன்ன வீட்டைக் கோவிலுக்கு' என்று குறிப்பிட்டு எழுதிவிட்டு, பிறகு அத்தையே அந்த வீட்டை விற்றுவிட்டால் கோவிலுக்கு ஒன்றும் கிடைக்காது. விற்ற பணம் பேங்கில் இருந்தாலும் கிடைக்காது. குறிப்பிட்ட பொருள் இல்லை என்றால் கொடையும் இல்லை, அவ்வளவுதான். நிர்வாகி வீட்டை அனுமதி வாங்கி விற்று, வரும் பணத்தைப் பங்காகப் பிரிப்பதே சுலபம்.

உயில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று அத்தைக்கு ஒரு தடவை விளக்கிச் சொல்லுங்கள். 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் தானாகப் பிரித்துவிடும். கணவன், பிள்ளை, பெற்றோர் யாரும் இல்லாதவர் என்பதால் கூடப் பிறந்தவர்களுக்குச் சமபங்கு. அதாவது சித்தப்பாவுக்கு மூன்றில் ஒன்று, இன்னொரு அத்தைக்கு மூன்றில் ஒன்று, உங்கள் அப்பாவின் பங்கு அவருடைய பிள்ளைகளுக்கு. பள்ளிக்கும் கோவிலுக்கும் ஒரு காசு வராது, 'அவங்க வாயால சொன்னாங்க' என்று நூறு பேர் சாட்சி சொன்னாலும். வீடு நிலத்தோடு 50 லட்சம் வெள்ளிக்குள் இருக்கும் சொத்து என்றால், உயில் இல்லாத நிலையில் நில அலுவலகத்திலேயே சிறு சொத்துப் பங்கீடு முடியும். 2024 ஜூலைக்கு முன் இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது. உயில் இருந்தால் ஹைகோர்ட்டில் புரோபேட் (உயிலை நிறைவேற்றக் கோர்ட் தரும் அனுமதி) எடுக்கவேண்டும், நமக்கு ஈப்போ. அந்தச் செலவும் நடையும் அதிகம்தான், அதை மறைக்க மாட்டேன். தர்மத்துக்கு எழுத ஆசைப்படும்போது அது தவிர்க்க முடியாத செலவு.

இங்கிலாந்துப் பக்கம் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் தர்மத்துக்கு எழுதினால் சொத்துவரி குறையும் என்று முதல் வரியிலேயே போடுவார்கள். அவர்களுக்கு அது நிஜம், அங்கே 40 விழுக்காடு வரி. நமக்கு அந்தக் கணக்கு வேண்டாம். மலேசியாவில் இறந்தவர் சொத்துக்குப் போட்ட வரியை 1991 நவம்பர் 1 முதல் எடுத்துவிட்டார்கள். வருமானவரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு உயிரோடிருக்கும்போது நன்கொடை கொடுத்தால் வருமானவரியில் கழிவு உண்டு, வருமானவரியே கட்டாத அத்தைக்கு அதனாலும் லாபமில்லை. ஆனால் அந்த அங்கீகாரம் இருக்கும் அமைப்பு கணக்கை ஒழுங்காக வைத்திருக்கும் என்று ஓரளவு நம்பலாம். நான் அதை அந்த ஒரு காரணத்துக்காகத்தான் பார்ப்பேன்.

உயிலுக்குள் வராத சொத்தையும் தனியாக எடுத்து வையுங்கள். ஈ.பி.எஃப். பணம் அங்கே யார் பெயரைக் கொடுத்திருக்கிறாரோ அவருக்குப் போகும், உயிலில் வேறு மாதிரி எழுதினாலும் மாறாது. அத்தை ஒருவேளை 1985-ல் தன் அம்மா பெயரைக் கொடுத்துவிட்டு மறந்திருப்பார். ஈ.பி.எஃப். ஆபீசுக்கு ஒரு நடை அழைத்துப் போய்ப் பாருங்கள். கூட்டுறவுச் சங்கப் பங்குக்கும் வாரிசு பெயர் கொடுக்கும் வழக்கம் உண்டு. நம் தொகுதியில் நின்று ஜெயித்த துன் சம்பந்தன் 1960-ல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கிய தோட்டத்து ஆட்கள் எத்தனை பேர்! அந்தப் பங்குப் பத்திரம் டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய ஐ.சி.யோடும் (அடையாள அட்டை) பிறப்புப் பத்திரத்தோடும் கிடக்கும். தேடிப்பாருங்கள்.

கையெழுத்துக்கு வருவோம். 1959-ஆம் ஆண்டு உயில் சட்டம் கேட்பது கொஞ்சம்தான். எழுத்தில் இருக்கவேண்டும். எழுதுபவருக்கு 18 வயது ஆகியிருக்கவேண்டும். கடைசியில் கையெழுத்துப் போடவேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் எதிரே இருந்து அதைப் பார்த்து, அவர்களும் அவர் முன்னாலேயே கையெழுத்திடவேண்டும். காலையில் ஒருவர், சாயங்காலம் ஒருவர் என்று வீடு வீடாகப் போய் வாங்கக்கூடாது. பதிவு செய்வது கட்டாயமில்லை. சாட்சியாக இருப்பவருக்கோ அவர் கணவன் மனைவிக்கோ உயிலில் எழுதியது செல்லாது. உயில் நிற்கும், அந்தக் கொடை மட்டும் விழும். அத்தை உங்களுக்கு ஒரு ஜோடி வளையல் எழுதியிருந்து, உங்கள் வீட்டுக்காரர் சாட்சி போட்டால் வளையல் போச்சு. ஆனால் நிர்வாகியாக இருப்பவர் சொத்து பெறலாம், அதற்குத் தடையில்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவர்களை நான் பார்த்ததே குறைவு. கோவில் தலைவரையோ பள்ளி வாரியத்து ஆளையோ சாட்சி வைக்காதீர்கள். சட்டப்படி தடையில்லாவிட்டாலும், 'கோவில்காரங்க கிழவியை மயக்கி எழுதி வாங்கிட்டாங்க' என்று பேச இடம் கொடுத்த மாதிரி ஆகும். பக்கத்து வீட்டுக்காரர் போதும்.

அத்தைக்குக் கையெழுத்துப் போட வருமா என்று நீங்கள் சொல்லவில்லை. வராவிட்டால் ரேகை வைக்கலாம். ஒரு பாட்டி எங்கள் ஆபீசுக்கு வந்து, மை ஒற்றி, காகிதத்தில் அழுத்தி எடுத்தார். வெறும் கறுப்பு வட்டம்தான் விழுந்தது, ஒரு கோடுகூட இல்லை. கத்தி பிடித்த கை, பாலை உறைய வைக்கும் ஆசிட்டில் நனைந்த கை, ரேகை தேய்ந்துவிட்டிருந்தது. இடது கையில் முயற்சி செய்தோம், அதில் கொஞ்சம் தெரிந்தது. பாட்டி சிரித்துக்கொண்டே, 'வலது கை தோட்டத்துக்குப் போச்சு, இது எனக்கு' என்றார். ரேகை வைத்தால், அல்லது உயில் அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தால், தமிழில் வாசித்து விளக்கினோம், அவர் புரிந்துகொண்டு வைத்தார் என்று சாட்சி வாசகத்திலேயே எழுதவேண்டும். விளக்குகிறவர் நீங்களாக இருக்கவேண்டாம். உயிலையே தமிழில் எழுதலாமா என்றால், எழுதலாம், செல்லும். பிற்பாடு கோர்ட்டுக்கு முறைப்படி மொழிபெயர்த்துக் கொடுக்கவேண்டி வரும். எனக்குத் தெரிந்து அத்தைக்குப் புரியும் மொழியில் இருப்பதே அழகு, மொழிபெயர்ப்புச் செலவு போனால் போகட்டும். அமைப்புகளின் பெயரை மட்டும் ரூமியில் போடுங்கள்.

வயது 71 தான், புத்தி தெளிவாக இருப்பவர் என்றால் டாக்டர் கடிதம் அவசியமில்லை. ஆனால் குடும்பத்தில் யாராவது முணுமுணுக்கிறார்கள் என்றால் அதே வாரத்தில் ஒரு டாக்டரைப் பார்த்து, சுயநினைவோடு இருக்கிறார் என்று ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். முணுமுணுப்பு கோர்ட்டுக்குப் போகுமா? 1971-ஆம் ஆண்டுக் குடும்பப் பராமரிப்புச் சட்டத்தில் உயிலை எதிர்த்து ஜீவனாம்சம் கேட்கக்கூடியவர்கள் கணவன் மனைவி, கல்யாணமாகாத மகள், வயது வராத மகன், உடல் மனக் குறையால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை, இவர்கள்தான். தம்பி, தங்கை, அண்ணன் பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லை. அத்தை தன் விருப்பப்படி எழுதலாம். சித்தப்பாவிடம் முன்கூட்டியே அத்தை வாயாலேயே சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து. செத்த வீட்டில் முதல் தடவையாகக் கேள்விப்படுகிறவர்தான் அதிகமாகக் கத்துவார்.

ஒன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். உயில் எழுதிய பிறகு கல்யாணம் செய்துகொண்டால், அந்தக் கல்யாணத்தை மனசில் வைத்து எழுதியதாக உயிலிலேயே சொல்லியிருந்தால் தவிர, உயில் ரத்து. 71-ல் கல்யாணமா என்காதீர்கள், எங்கள் ஆபீசில் 68-ல் ஒருவர் செய்துகொண்டார். உயிலைத் திரும்ப எழுத மறந்துவிட்டார்.

திதி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அத்தை மாதிரிப் பிள்ளையில்லாதவர்கள் கட்டாயம் கேட்பார்கள். 'வீட்டு வாடகையில் வருஷா வருஷம் எனக்குத் திதி கொடுக்கணும், அப்பா அம்மா பெயரில் பூசை செய்யணும்' என்று உயிலில் நிரந்தரமாக எழுதினால் அது நிற்காது. 1875-ல் பினாங்கிலிருந்து, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போன ஒரு சீனக் குடும்ப வழக்கில் இது தீர்ந்துவிட்டது. ஒரு அம்மாள், இறந்தவர்களுக்கு வருடாந்திரச் சடங்கு செய்ய வீட்டை ஒதுக்கி எழுதியிருந்தார். அது குடும்பத்துக்கு மட்டும் பயன்படுவது, பொது தர்மமாகாது, என்றென்றைக்கும் சொத்தைக் கட்டிப்போட முடியாது என்று தள்ளிவிட்டார்கள். ஏழைக்கு உதவி, கல்வி, சமயம், பொதுமக்கள் நலன், இந்த நாலில் ஒன்றில் வந்தால்தான் சட்டத்தின் கண்ணில் தர்மம். கோவிலுக்குப் பொதுவாகக் கொடுத்தால் சமயத்தில் வந்துவிடும். அத்தையின் நட்சத்திரத்தில் ஒரு அர்ச்சனை செய்யுங்கள் என்பதைக் கட்டளையாக எழுதாமல் விருப்பமாக எழுதுங்கள், எந்தக் கோவிலும் அதைச் செய்யாமலிருக்காது. பதினாறாம் நாள் கருமாதிச் செலவை ஈமச் செலவோடு சேர்த்து எழுதிவிடலாம். இறுதிச்சடங்கு எப்படி நடக்கவேண்டும் என்பதை மட்டும் உயிலில் ஒளித்து வைக்காதீர்கள், அதைப் பிரிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

உபகாரச் சம்பள நிதி என்று தன் பெயரில் ஒன்று நிரந்தரமாக வைக்கவேண்டும் என்பது அடுத்த ஆசை. 20,000 வெள்ளியை பேங்கில் போட்டு நூற்றுக்கு 3 வட்டி வந்தால் வருடம் 600. அதற்கு ஒரு கமிட்டி, ஒரு கணக்கு, ஒரு ஆடிட். பத்து வருடத்தில் யாருக்கும் அக்கறை இருக்காது. மொத்தத்தையும் வாரியத்திடம் கொடுத்து, ஐந்தாறு வருடத்துக்குள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும் பஸ் செலவுக்குக் கஷ்டப்படும் பிள்ளைகளுக்கும் செலவழித்து முடிக்கச் சொல்வதே மேல். 'கம்ப்யூட்டர் வாங்கத்தான்', 'கிழக்குப் பக்கக் கட்டடத்துக்குத்தான்' என்று இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கிழக்குப் பக்கக் கட்டடத்தை இடித்துவிட்டிருப்பார்கள்.

நிர்வாகியாக நீங்கள் இருங்கள், கூடவே உங்களைவிட இளையவர் ஒருவரைச் சேருங்கள். நான்கு பேர்வரை வைக்கலாம், இரண்டுக்கு மேல் போனால் கையெழுத்து வாங்கியே ஓய்ந்துபோவீர்கள். குடும்பத்தில் ஆள் சரிப்படாது என்றால் அரசாங்கத்தின் அறங்காவல் நிறுவனமான அமானா ராயாவையே நிர்வாகியாகப் போடலாம். கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வக்கீலிடமும் அதையே செய்யுங்கள்.

இஸ்லாமிய உறவினர்கள் இதைப் படித்தால், மேலே சொன்ன உயில் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. வாரிசல்லாதவருக்கும் தர்மத்துக்கும் எழுதுவது கடன் போக மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்கவேண்டும், வக்ஃபு என்றால் மாநில இஸ்லாமிய சமய மன்றத்தில் கேட்கவேண்டும்.

மூலப் பிரதியை எங்கே வைப்பது என்று கடைசியில் கேட்பீர்கள். பேங்க் பெட்டகம் வேண்டாம், ஆள் இறந்ததும் அதைத் திறக்கவே தனியாக அலையவேண்டும். டிரங்குப் பெட்டியும் வேண்டாம், கரையான் படிக்கும். அத்தையிடமே இருந்த மூலப் பிரதி பிறகு காணவில்லை என்றால், அவரே கிழித்துப்போட்டார் என்றுதான் கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும்; போட்டோஸ்டேட்டை வைத்துக்கொண்டு அதை மறுப்பது பெரும்பாடு. வக்கீலிடமோ அமானா ராயாவிடமோ விட்டுவிட்டு, நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மூலப் பிரதியில் ஸ்டேப்பிளைப் பிரிக்காதீர்கள், கிளிப் மாட்டாதீர்கள். ஓட்டை இருந்தால், கூடவே வேறு ஏதாவது தாள் இருந்து எடுத்துவிட்டீர்களா என்று கேட்பார்கள். நான் ஒரு தடவை நகல் எடுக்க ஸ்டேப்பிளைப் பிரித்துவிட்டு, அதற்காக எங்கள் வக்கீல் தனியாக ஒரு சத்தியக் கடிதம் தாக்கல் செய்யவேண்டி வந்தது. அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

இந்த வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகும்போது அத்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பூசை முடிந்ததும் ஆபீசில் அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லி, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அத்தை சொல்லும் மாரியம்மன் அதுதானா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.